கடலடிக் கேபிளின் தேசம்

பீஜியின் தலைநகரான சுவாவில் கடலுக்குள் இறங்கி, சூரிய வெளிச்சம் எட்டாத சமுத்திரத்தின் அடியில் 827 கிலோமீட்டர் தூரம் படுத்துக் கிடந்து, டோங்கா இராச்சியத்தின் தலைநகரான நுகுஅலோபாவுக்கு அருகே மறுபடியும் தரையேறுகிற கண்ணாடி இழைக் கேபிள் ஒன்று இருக்கிறது. சுமார் ஒரு லட்சம் ஜனங்களும், ஏறக்குறைய 170 தீவுகளும், ஒரு மன்னரும், ஒரு பார்லிமெண்டும் கொண்ட அந்தத் தேசம் உலகத்தோடு பேசுவதும், வியாபாரம் செய்வதும், வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய பணத்தை வாங்குவதும் 2013-ஆம் ஆண்டு முதல் பெரும்பாலும் அந்த ஒற்றைக் கேபிளின் தயவால்தான் நடந்து வந்தன. அது அறுந்து போனால் தேசம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 2022-ஆம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி சனிக்கிழமை மாலை விடை கிடைத்தது. அந்த விடையை அநுபவித்தவர்களின் வாயாலேயே கேட்க வேண்டும் என்பதும், லாபத்துக்காகத் தொழில் நடத்தும் ஒரு டெலிபோன் கம்பெனி, ஆபத்து வந்த நேரத்தில் தீவு வாசிகளுக்கு என்னவாக இருந்தது என்பதை அறிய வேண்டும் என்பதும் என் பிரயாணத்தின் நோக்கம்.

நாந்தியில் விமானத்துக்குக் காத்திருந்த பொழுதில் சிவசுப்பிரமணியர் கோயிலுக்குப் போனேன். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம்மவர்களின் சந்ததியார் கட்டிக் காத்துவரும் கோயில் அது. வாசலில் பூவும் தேங்காயும் விற்றுக் கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், நான் தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன் என்று கேட்டதும், தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடியும் தம் வழக்கமான பாஷையில், "டோங்காவுக்கா போறீங்க, தம்பி? அந்த எரிமலை வெடிச்ச அன்னிக்கு எங்களுக்கு இடி இடிச்ச மாதிரி கேட்டுது. மழை வருதுன்னு நெனச்சுக் கொடியிலே கெடந்த துணியை எடுக்க ஓடினேன்" என்றார். ஏறக்குறைய 800 கிலோமீட்டருக்கு அப்பால் கடலுக்குள் நிகழ்ந்த வெடிப்பு, நாந்தியில் ஒரு கிழவியைத் துணி எடுக்க ஓட வைத்தது என்றால், அதன் பக்கத்திலேயே குடியிருந்தவர்களின் நிலைமையை எண்ணிப் பார்க்கலாம்.

விமானம் ஒன்றரை மணி நேரத்தில் டோங்காடாபு என்னும் பெருந்தீவின் மீது தாழ்ந்தது. தட்டையான தீவு, மலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை, தென்னைகளும், வள்ளிக்கிழங்குத் தோட்டங்களும், இடையிடையே வெள்ளைச் சுவர்களும் சிவப்புக் கூரைகளுமாகத் தேவாலயங்களும் தெரிந்தன. புவாஅமோட்டு விமான நிலையத்தின் ஓடுபாதை வெடிப்புக்குப் பிறகு சாம்பலால் மூடப்பட்டு விட்டதென்றும், நிவாரண விமானங்கள் இறங்குவதற்காகச் சிப்பாய்களும் தாமாக முன்வந்த ஜனங்களும் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு நாட்கணக்கில் அதை வாரித் தள்ளினார்களென்றும், ஜனவரி 20-ந் தேதிதான் நியூஸிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் முதல் விமானங்கள் வந்திறங்கின என்றும் நான் படித்திருந்தேன். என்னை நகரத்துக்கு அழைத்துச் சென்ற டாக்ஸிக்காரர் அதைச் சொன்ன விதம் வேறு. "பெருக்கப் பெருக்கக் காற்று அதைத் திருப்பிக் கொண்டு வந்து போடும், ஐயா" என்றார். இடுப்பில் பாய் போல் முடைந்த 'டாஒவாலா'வைக் கட்டிக் கொண்டு, வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்க உட்கார்ந்திருந்த அந்த மனிதர், பிரயாணம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆசிரியர்களில் ஒருவர்.

ஹுங்கா டோங்கா – ஹுங்கா ஹாஅபாய் என்பது அந்த எரிமலையின் பெயர். நுகுஅலோபாவுக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில், கடலுக்கு மேல் சிறிது தலை நீட்டிக் கொண்டிருந்த அதன் புகையும் சாம்பலும் 57 கிலோமீட்டர் உயரம் எழும்பின. 1883-இல் கிரகடோவா வெடித்தபின் இத்தகைய வெடிப்பை உலகம் கண்டதில்லை என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். அலைகள் சில இடங்களில் 15 மீட்டர் வரை எழுந்து வந்து டோங்காடாபுவின் மேற்குக் கரையையும் ஹாஅபாய்த் தீவுக் கூட்டத்தையும் வாரிக் கொண்டு போயின. இத்தனைக்கும் டோங்காவில் உயிரிழந்தோர் நால்வரே என்பது ஆச்சரியம். முதல் நாளே மலை குமுறி, சுனாமி எச்சரிக்கையும் விடப்பட்டிருந்தபடியால், ஜனங்கள் ஓடத் தயாராகவே இருந்தார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் எச்சரிக்கை என்பதே இல்லாமல் கடலை எதிர்கொண்ட நாகப்பட்டினக் கரையை அறிந்தவன் என்ற முறையில், இந்தக் கணக்கை நான் பொறாமையோடு கேட்டேன்.

ஆனால் நால்வரே இறந்தார்கள் என்பது அப்பொழுது வெளியே இருந்த ஒருவருக்கும் தெரியாது. ஆக்லாந்திலும், சிட்னியிலும், கலிபோர்னியாவிலும், ஊட்டா மாகாணத்திலும் குடியேறியிருக்கும் டோங்கர்களின் தொகை, தாய்நாட்டில் வசிப்பவர்களின் தொகையை மிஞ்சும். அத்தனை பேரும் டெலிபோனைக் கையில் வைத்துக் கொண்டு, மணி அடிக்காத தேசத்தை அழைத்த வண்ணமாக இருந்தார்கள். கேபிள் அறுந்திருந்தது, வெளிநாட்டுக் கேபிள் மட்டுமல்ல, 2018-இல் வடக்கே ஹாஅபாய்க்கும் வாவாவுக்கும் போட்ட உள்நாட்டுக் கேபிளும் அறுந்திருந்தது.

இங்கேதான் கம்பெனி கதைக்குள் வருகிறது. டிஜிசெல் என்பது 2001-ஆம் ஆண்டில் டெனிஸ் ஓ'பிரையன் என்ற ஐரிஷ்காரர் ஜமைக்காவில் ஆரம்பித்த நிறுவனம். பெரிய தேசங்களின் பெரிய கம்பெனிகள் சில்லறை என்று ஒதுக்கிய தீவுகளையே தேடித் தேடிக் கடை விரிப்பது அதன் தந்திரம். கரீபியத் தீவுகளில் வேரூன்றியபின் பசிபிக் சமுத்திரத்துக்கு வந்து, 2008-இல் டோங்காவில் சர்க்காரின் டெலிபோன் கார்ப்பரேஷனுக்குப் போட்டியாக நின்றது. நுகுஅலோபாவில் நடந்து சென்றால் அதன் சிவப்பு வர்ணம் கண்ணில் படாமல் நாலு கடையைத் தாண்ட முடியாது. பெட்டிக்கடைச் சுவரிலும் அதுவே, குடையிலும் அதுவே. கேபிளை வைத்திருக்கும் டோங்கா கேபிள் கம்பெனியில் பெரும்பங்கு சர்க்காருடையது. டிஜிசெல்லுக்கும் அதில் சிறு பங்குண்டு.

வெடிப்புக்கு நாலு நாள் கழித்து, ஜனவரி 19-ந் தேதி, வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பை ஓரளவு மீட்டது இந்தக் கம்பெனி. எப்படியென்றால், தென் பசிபிக் பல்கலைக் கழகம் தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக வைத்திருந்த செயற்கைக்கோள் தட்டைக் கடன் வாங்கி, அதன் மூலம் பழைய 2ஜி முறையில் அழைப்புகளை அனுப்பியது. வழக்கமாக ஓடும் போக்குவரத்தில் பத்தில் ஒரு பங்கே அதன் வழியே போகும். படம் அனுப்ப முடியாது; வீடியோவில் முகம் பார்க்க முடியாது; பேச மட்டும் முடியும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். தீபாவளிக்கு முந்திய இரவில் ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸில் ஏறுவது போன்ற நெரிசல் அந்தத் தட்டில் இருந்திருக்க வேண்டும்.

டாக்ஸிக்காரரைக் கேட்டேன். அவருடைய அக்காள் ஆக்லாந்தில் முதியோர் விடுதி ஒன்றில் வேலை செய்கிறாள். "கைபேசி அடித்தபோது நான் கூரை மேல் இருந்தேன். அக்காள் அழுதுகொண்டே பேசினாள். 'கூரையைப் பெருக்கிக் கொண்டிருக்கிறேன், மழை வருவதற்குள் முடிக்க வேண்டும், அப்புறம் பேசு' என்றேன். அந்த 'அப்புறம்' வருவதற்கு இன்னும் எத்தனையோ நாள் ஆகிவிட்டது. இப்பொழுதும் அவள் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்" என்று சொல்லி உரக்கச் சிரித்தார்.

கூரையைப் பெருக்குவது ஏன் அத்தனை அவசரம் என்பதை மறுநாள் மேற்குக் கரைக்குப் போகும் வழியில் ஒரு வீட்டில் கண்டேன். டோங்காடாபுவில் ஆறு கிடையாது. தகரக் கூரையில் விழும் மழைநீர் ஓரத்துத் தகரத் தூம்பு வழியாக ஓடி, வீட்டுப் பக்கத்தில் நிற்கும் சிமெண்டுத் தொட்டியில் விழுகிறது. குடிக்கும் நீர் அதுவே. அந்த வீட்டு அம்மாள் தொட்டிக்கு அருகில் தூம்பின் இணைப்பைக் கழற்றிக் காட்டினார். சாம்பல் விழுந்த அன்று இருட்டில் தடவித் தடவி அதைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிக் கொண்டு ஓடினாராம். இணைப்பின் உட்புறத்தில் விரலால் தேய்த்து எனக்குக் காட்டியபோது, எத்தனையோ முறை கழுவியும் போகாத சாம்பல் நிறத் துகள் ஒட்டிக் கொண்டு வந்தது. மாவு போல் இல்லை, அரைத்த கண்ணாடி போல் நறநறத்தது. நியூஸிலாந்துக் கடற்படைக் கப்பலான 'ஆவோடியரோவா' ஜனவரி 21-ந் தேதி இரண்டரை லட்சம் லிட்டர் குடிநீரோடும், தினம் 70,000 லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரத்தோடும் துறைமுகத்துக்கு வந்ததன் அருமையை அந்தத் துகளைப் பார்த்தவர்களே உணர்வார்கள்.

மேற்குக் கரையில் கனோகுபோலு, ஹாஅடாபு முதலிய ஊர்களின் ஓரத்தில் இருந்த உல்லாச விடுதிகள் இருந்த இடம் தெரியாமல் போயின. சில இடங்களில் சிமெண்டுத் தளம் மட்டும் எஞ்சியிருக்க, அதன் நடுவே காட்டாமணக்கு முளைத்திருந்தது. அதற்கு மேல் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

பணத்தின் கதைதான் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது. டோங்காவின் தேசிய வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்குக்குச் சமமான தொகை, வெளிநாட்டில் பழம் பறித்தும், கட்டிடம் கட்டியும், முதியோரைப் பராமரித்தும் சம்பாதிக்கும் உறவினர்கள் அனுப்புவது. உலகில் இத்தகைய பணத்தை மிக அதிகமாக நம்பியிருக்கும் தேசங்களில் டோங்காவும் ஒன்று. கேபிள் அறுந்ததும் பணம் பட்டுவாடா செய்யும் கடைகளின் கணினிகள் ஊமையாயின. நிவாரணத்துக்கு மிகவும் தேவையான வேளையில், கொடுக்க மனமும் கையில் காசும் உள்ள பிள்ளைகள் அக்கரையிலும், வாங்க வேண்டிய பெற்றோர் இக்கரையிலுமாக நின்றார்கள். அரிசியும் கூடாரமும் கப்பலில் வரும். மகன் அனுப்பும் முந்நூறு டாலர் அப்படி வராது. தபால் கப்பலையும் தந்தியையும் நம்பியிருந்த காலத்தில் இருந்ததைவிட, எல்லாம் ஒரு நொடியில் நடக்கும் காலத்தில் இத்தீவுகள் இன்னும் அதிகமாகத் தனித்துப் போயின.

கம்பெனிகள் ஆபத்துக் காலத்தில் செய்யும் தர்மத்தைப் பற்றி நாம் வழக்கமாகப் படிப்பது, மேலாளர் ஒருவர் மூட்டையை நீட்ட, கிராமத் தலைவர் ஒருவர் அதை வாங்கிக் கொள்ளும் புகைப்படம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை; பசித்தவனுக்குப் படத்தில் இருக்கும் மூட்டையும் மூட்டைதான். ஆனால் ஒரு டெலிபோன் கம்பெனி தீவு வாசிகளுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம், தன் சொந்தத் தொழிலைச் சீக்கிரமாக மறுபடி தொடங்குவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பல்கலைக் கழகத்தின் தட்டைத் திருப்பி வைத்த இஞ்சினீயர்களை எவரும் படம் எடுத்ததாகத் தெரியவில்லை. அவர்கள் செய்தது தர்மமா, வியாபாரமா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது; அழைப்பு ஓடினால் கம்பெனிக்கும் காசு, அக்காளுக்கும் நிம்மதி.

இதன் மறுபக்கமும் உண்டு. வியாபாரம் எங்கே முடிகிறதோ அங்கே கம்பெனியின் உபகாரமும் முடிகிறது. ஹாஅபாய்க் கூட்டத்தில் மாங்கோ என்றொரு சிறு தீவு. அலை வந்தபோது அங்கே இருந்த வீடுகள் எல்லாமே போயின. அங்கிருந்து உலகுக்குக் கிடைத்த முதல் செய்தி தொலைபேசியில் வரவில்லை. ஆபத்தை அறிவிக்கும் ஒரு சமிக்ஞைக் கருவியிலிருந்து வந்தது. சில பத்துக் குடும்பங்கூட இல்லாத தீவுக்கு எந்தக் கம்பெனியின் கணக்குப் பிள்ளையும் உறுதியான கோபுரம் ஒன்றைச் சிபாரிசு செய்ய மாட்டான். அத்தீவினர் பின்னர் எயுவாத் தீவில் குடியேற்றப்பட்டார்கள்.

கேபிளைச் செப்பனிட வந்தது 'ரிலையன்ஸ்' என்ற கப்பல். ஸப்காம் என்னும் அமெரிக்கக் கம்பெனியுடையது. பப்புவா நியூகினியின் போர்ட் மோர்ஸ்பியில் நின்றிருந்த அது, வழியில் சமோவாவில் உதிரிக் கேபிளை ஏற்றிக் கொண்டு வந்தது. வேலை நடக்கும் முறை விசித்திரமானது. கரையிலிருந்து கேபிளுக்குள் ஒளியைச் செலுத்தி, அது எவ்வளவு தூரம் சென்று திரும்புகிறது என்று கணக்கிட்டு அறுந்த இடத்தை ஊகிக்கிறார்கள். கப்பல் அங்கே சென்று, கொக்கியைக் கயிற்றில் கட்டி இறக்கி, கடலின் அடியைக் குறுக்கே உழுது, கட்டைவிரல் பருமனுள்ள கேபிளை மீன் பிடிப்பது போல் பிடித்து மேலே தூக்குகிறது. கப்பலின் மேல்தளத்தில் வைத்துத் தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக உருக்கி ஒட்டுகிறார்கள். ஓர் இடத்தில் அறுந்திருந்தால் இது சில நாள் வேலை. ஆனால் எரிமலையின் சரிவிலிருந்து கடலுக்கடியில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்ந்த சேறும் பாறையும், கேபிளைத் துண்டாக்கிப் புதைத்து விட்டிருந்தன. ஏறக்குறைய 90 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதுக் கேபிள் போட வேண்டியதாயிற்று. பிப்ரவரி 22-ந் தேதி டோங்காவுக்கு மீண்டும் இணையம் வந்தது. இதற்கு நடுவில், அது காறும் கொரோனாவை ஊருக்குள் விடாமல் காத்த அந்த தேசத்தில், பிப்ரவரி தொடக்கத்தில் துறைமுகத் தொழிலாளர் இருவருக்கு நோய் கண்டு, ஊரடங்கும் வந்து சேர்ந்தது. வடக்கேயுள்ள தீவுகளுக்கான உள்நாட்டுக் கேபிள் சரியாவதற்கு 2023-இன் நடுப்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வளவும் எதிர்பாராத விபத்து என்று சொல்லிவிட முடியாது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியிலும் இதே கேபிள் அறுந்து, ஏறக்குறைய இரண்டு வாரம் தேசம் திண்டாடியது. அதன் பிறகு சர்க்கார் ஒரு செயற்கைக்கோள் கம்பெனியோடு 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்து கொண்டது. ஆனால் ஒப்பந்த விஷயத்தில் தகராறு மூண்டு, எரிமலை வெடித்த தினத்தில் அது அமலில் இல்லை. கையெழுத்திட்டு வைத்திருந்த குடை மழை நாளில் விரியவில்லை. ஆபத்து வந்தபின் இலவசமாக வரும் பொருளுக்குக் கிடைக்கும் கீர்த்தி, ஆபத்து வருமுன் சந்தா கட்டி வைத்திருக்கும் பொருளுக்குக் கிடைப்பதில்லை. எலான் மஸ்க்கின் கம்பெனி 50 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் தட்டுகளை இலவசமாக அனுப்பியது உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஓர் ஒப்பந்தத்தைச் சச்சரவின்றி நடத்தியிருந்தால் அது எந்தப் பத்திரிகையிலும் வந்திராது.

இன்னொரு சங்கதி. வெடிப்பு நிகழ்ந்த சமயத்தில் டிஜிசெல்லின் பசிபிக் பகுதி விலை பேசப்பட்டு, கைமாறும் தறுவாயில் இருந்தது. 2022 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ரா கம்பெனி அதை 160 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் 133 கோடியைக் கொடுத்தது ஆஸ்திரேலிய சர்க்கார். ஆறு தீவு தேசங்களின் டெலிபோனை வாங்க ஒரு சர்க்கார் தன் பெட்டியைத் திறக்கிறதென்றால், அது லாபத்தை உத்தேசித்தல்ல. சீனா வாங்கிவிடக் கூடாதே என்ற கவலையால் என்று எல்லோரும் அறிவார்கள். டாக்ஸிக்காரரிடம் இதைச் சொன்னபோது, "ரேட்டு குறைந்ததா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நுகுஅலோபாவில் ஒரு வாழைப்பழங்கூட வாங்க முடியாது. அன்று வியாபாரம் செய்யலாகாதென்பது அந்த நாட்டின் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. தேவாலயங்களிலிருந்து நாலு குரலாகப் பிரிந்து எழும்பும் கீதமும், நிலத்தைத் தோண்டி மூட்டிய அடுப்புகளில் சேம்பிலையும் தேங்காய்ப் பாலும் வெந்து எழும் மணமுமாக அந்த நாள் கழிந்தது. மறுநாள் வாவாவுக்குக் கப்பலேறினேன். 2009-இல் 'பிரின்ஸஸ் ஆஷிகா' என்ற படகு மூழ்கி 74 பேர் மாண்டபின் ஜப்பான் தானமாகக் கட்டிக் கொடுத்த கப்பல் அது. தளமெங்கும் பாய் விரித்து, கிழங்கு மூட்டைகளில் தலை வைத்துக் குடும்பம் குடும்பமாக உறங்கினார்கள்.

வாவாவின் நெய்யாபுத் துறைமுகத்தில் நான் தங்கிய விடுதியின் சொந்தக்காரி, அறுபது வயதைக் கடந்த கெட்டிக்காரி. கூரையின் ஓரத்தில் வெள்ளைத் தட்டு ஒன்று வானத்தைப் பார்த்துக் கொண்டிருந்தது. 2024-ஆம் ஆண்டு மத்தியில் வடதீவுகளின் கேபிள் மறுபடியும் பழுதாகி, வாவாவும் ஹாஅபாயும் பழையபடி இணையமின்றித் தவித்தபோது, வெளிநாட்டிலிருந்து தருவித்த இத்தகைய ஸ்டார்லிங்க் தட்டுகளே பலருக்குக் கைகொடுத்தன. ஆனால் அந்தக் கம்பெனிக்கு அப்பொழுது டோங்காவில் லைசென்ஸ் கிடையாது; ஆகையால் ஜூலையில் சர்க்கார் சேவையை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது. வியாபாரிகளும் விடுதிக்காரர்களும் கூக்குரலிட்டபின், ஆறு மாதத்துக்குத் தற்காலிக லைசென்ஸ் வழங்கப்பட்டது. சட்டத்தின் கட்சியிலும் நியாயம் இல்லாமலில்லை; தேசத்துக்கு வரி கட்டி, கோபுரம் நட்டு, லைசென்ஸ் பெற்ற கம்பெனிகள் இருக்க, வானத்திலிருந்து இறங்கியவனுக்கு மட்டும் விதிவிலக்கு ஏன் என்று அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது?

"உத்தரவு வந்தபோது நீங்கள் இதை நிறுத்தினீர்களா, அம்மா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் மேஜையின் மேலிருந்த இரண்டு கைபேசிகளையும் (ஒன்று சர்க்கார் கம்பெனியுடையது, மற்றொன்று சிவப்பு வர்ணத்தாருடையது) ஓரமாகத் தள்ளிவிட்டு, என் அறைக் கணக்கை எழுதிக் கொண்டே, "நிறுத்தாமல் என்ன? ஞாயிற்றுக்கிழமை தோறும் நிறுத்தினேன்" என்றார்.